கத்தரிக்காய் நிறமும் நடு அறைச் சுவரும்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் எமது வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. வழக்காளி என் மகள். எதிர்வழக்காளி நான். சாட்சிகள் என் மனைவியும் தமக்கையாரும். வழக்கின் பொருள் மிகச் சிறிது. நடு அறையின் மேற்குச் சுவருக்கு எந்நிறம் பூசுவது என்பதே அது. சிறிதாயினும் அவ்வழக்கு மார்கழி வரை நடந்தது. நடுவில் என் தாயார் விழவும் நேர்ந்தது. வீட்டுக்கு நிறம் பூசுவது பற்றிப் பண்டிதன் ஒருவன் எழுதுவதற்கு என்ன உண்டு என்று நகைக்கும் அன்பர்கள் இவ்விறுதிச் செய்தியைச் சற்று மனத்திற் கொள்வார்களாக.

எமது வீடு பாட்டனார் கட்டிய நாற்சார் வீடு. சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள். 1995 ஐப்பசியில் அதனை விட்டுப் போனோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவுகள் இல்லை, சுவர்களும் முதிரை மர நிலைகளும் நின்றன. கூரையைப் புதுக்கினோம். சுவர்களுக்கு வெள்ளை அடித்தோம். அதன்பின் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளைமேல் வெள்ளையாக அடித்து வந்தோமேயன்றி, நிறம் என்று ஒன்றை எவரும் நினைத்ததில்லை. நடு அறையிலே தந்தையாரின் புத்தக அலுமாரி உண்டு. தாயார் பகலெல்லாம் அங்கே சாய்மனைக் கதிரையில் இருப்பார். மேற்குச் சுவரிலுள்ள வாசலே அவர் படுக்கும் அறைக்குச் செல்லும் வழி.

மகள் கொழும்பில் தொழில் பார்த்தவள். இப்போது வீட்டிலிருந்தே கணினியில் அத்தொழிலைச் செய்கிறாள். அவள் இருந்து வேலை செய்வதும் அந்நடு அறையில்தான். ஒருநாள் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பனி பெய்யும் நாடொன்றின் வீடு. அறையின் ஒரு சுவர் மாத்திரம் கடும் ஊதா. ஏறக்குறைய இரவின் நிறம். மற்றைச் சுவர்கள் வெளிறியவை. “எங்கட நடு அறைக்கும் இப்பிடி ஒரு சுவர் அடிப்பமே அப்பா?” என்றாள்.

நான் பண்டிதன் அல்லவா? பண்டிதன் எதிர்ப்பது போலவே எதிர்த்தேன். “பிள்ளை, இந்த நிறத்துக்குத் தமிழிலே ஒரு பெயர் சொல்லு; பிறகு பூசுவம். எங்கள் மொழியிலே பேரில்லாத நிறம் எங்கள் சுவரிலே எதற்கு?” என்றேன். வாதத்தில் வென்றுவிட்டதாகவே எண்ணினேன். அவள் ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போனாள். கறிக்கு வைத்திருந்த கத்தரிக்காய் ஒன்றை எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தாள். “இதுதான் பேர்,” என்றாள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. நம்மவர் பேச்சிலே இளம் ஊதாவைக் கத்தரிப்பூ நிறம் என்பர். கடும் ஊதாவைக் கத்தரிக்காய் நிறம் என்றும் நாவற்பழ நிறம் என்றும் சொல்வர். ஒரே செடியின் பூவையும் காயையும் கொண்டு ஒரே நிறத்தின் இளமையையும் முதிர்ச்சியையும் குறித்த வழக்கு அது. ஊதா என்ற சொல்லோ உருது வழியாக நமக்கு வந்தது. பள்ளிக்கூடத்து வானவில்லில் அது ஓர் ஓரத்து நிறமாக நிற்கிறது. ஆனால் வானவில்லின் ஊதா வேறு. கத்தரிக்காயின் ஊதா வேறு. முன்னையது தனி ஒளி. பின்னையது சிவப்பொளியும் நீல ஒளியும் கூடி நம் கண்ணில் உண்டாகும் கலவை. ஞாயிற்றின் ஒளியை எவ்வளவு விரித்துப் பிரித்தாலும் அந்நிறம் அதில் தனியே கிடைப்பதில்லை. இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

பழந்தமிழ்ப் புலவர் இந்நிறத்தைக் கருமையோடும் நீலத்தோடும் சேர்த்தே வைத்தனர். காயாம்பூ உண்மையில் நீலஞ் சேர்ந்த ஊதா. முல்லைப்பாட்டுப் புலவர் அதனை அஞ்சனத்துக்கு ஒப்பிட்டார். நற்றிணையிலே ஒரு நெய்தற் காட்சி உண்டு. கடற்கரை மணலில் நாவற்பழம் உதிர்ந்து கிடக்கிறது. அதனைத் தம் இனம் என்று எண்ணி வண்டுகள் மொய்க்கின்றன. நண்டொன்று வந்து, பழம் என்று எண்ணி வண்டைப் பற்றுகிறது. கடும் ஊதா கருமையின் எல்லையில் நிற்கும் நிறம், கண்ணை மயக்குவது. அதனைக் கண்ணாரக் கண்டவர் பாடிய காட்சி இது. பாலபண்டித வகுப்பிலே இப்பாட்டைப் பல ஆண்டு படிப்பித்திருக்கிறேன். படிப்பித்த எனக்கே, அம்மயக்கம் என் வீட்டுச் சுவரிலும் நிகழும் என்பது தோன்றாமற் போயிற்று.

தமக்கையாரின் மறுப்பு வேறு. “உது செத்தவீட்டு நிறம். விளக்கு வைக்கிற வீட்டுக்கு ஆகாது,” என்றார். இதனை நான் ஏற்கவில்லை. கிறித்தவ ஆலயங்களிலே தவக்காலத்தில் ஊதா உடுத்துவர். அயலிலே அதனைக் கண்டு நாம் துக்கத்தோடு சேர்த்துக்கொண்டோம் போலும். அவர்களுக்கும் அது துக்க நிறம் மாத்திரமன்று. இயேசு பிறப்பை எதிர்நோக்கும் திருவருகைக் காலத்துக்கும் அதுவே உடை. சைவர்க்குக் கருமை அமங்கலமாயின், இறைவனைக் கறைமிடற்றண்ணல் என்று ஏத்துவது எங்ஙனம்? மழை முகில் கரியது அன்றோ? இந்நாட்டின் தேசிய மலராக 1986 இல் அறிவிக்கப்பட்ட நீலோற்பலம் பெயரால் நீலம். குளத்தில் இறங்கிக் கையில் எடுத்துப் பார்த்தால் ஊதா. கத்தரிப்பூ நிறச் சேலை கலியாண வீட்டுக்கு ஆகும், சுவருக்கு மாத்திரம் ஆகாது என்றால் அதில் நியாயம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தமக்கையாருக்கு இவ்வளவும் சொல்லவில்லை. “பாப்பம் அக்கா” என்று மாத்திரம் சொல்லி வைத்தேன்.

இந்நிறத்தின் வரலாறும் வேடிக்கையானது. மத்தியதரைக் கடற்கரையிலுள்ள தீர் என்னும் துறைமுகம் பண்டை நாளில் ஊதாச் சாயத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. கடல் நத்தையிலிருந்து அதனை எடுத்தனர். 1909 இல் ஃபிரீட்லேண்டர் என்ற இரசாயன அறிஞர் 12,000 நத்தைகளை உடைத்துப் பெற்ற சாயம் 1.4 கிராம். உரோமப் பேரரசர் அதனைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டதில் வியப்பில்லை. பின்னர் 1856 இல் இலண்டனில் வில்லியம் பேர்க்கின் என்ற 18 வயது இளைஞன், மலேரியாவுக்கு மருந்தாகிய கொயினாவைச் செயற்கையாக ஆக்க முயன்று தவறிப்போய், ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டான். கொயினா அவனுக்குக் கிடைக்கவில்லை. ஊதா உலகத்தார் எல்லோர்க்கும் கிடைத்தது.

வழக்கில் நான் தோற்றேன். தோற்றவர் வழக்கமாகச் செய்யும் பிழையையும் செய்தேன். ஒப்புக்கொண்ட காரியத்தை விரைவாக முடித்துவிட எண்ணினேன். பட்டினத்துக் கடையொன்றுக்குச் சென்றோம். அங்கே நிற அட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு நிறத்துக்கும் தபால் முத்திரையிலும் சற்றே பெரிய ஒரு கட்டம். கடைக்குள்ளே நீல வெண்மையான குழாய்விளக்கு. மகள் ஒரு கட்டத்தைத் தொட்டாள். நான் தலையசைத்தேன். இயந்திரத்திற் கலந்து ரின்னில் அடைத்துத் தந்தார்கள். பளபளப்பான வகை கழுவுவதற்கு இலகு என்றார்கள், அதனையே வாங்கினோம். மறுநாள் பெயின்ற் அடிப்பவர் வந்து, பழைய வெள்ளைமேல் நேரே பூசினார். முதற் பூச்சிலே வெள்ளை திட்டுத் திட்டாகத் தெரிந்தது. இரண்டாவதிலும் தூரிகை சென்ற தடம் மறையவில்லை. மூன்றாவது பூச்சு மூலைக்கு வருமுன் ரின் வெறுமையாயிற்று. “கடும் நிறம் உப்பிடித்தான் ஐயா, குடிக்கும்” என்று அவர் ஆறுதல் சொன்னார்.

பூசி முடித்தபின் பார்த்தால், படத்திலிருந்த நிறமும் அன்று. அட்டையிலிருந்த நிறமும் அன்று. காலையில் மங்கிய நீலம். இரவில் மின்குமிழ் எரிந்தபோது ஈரக் கருங்கல். பளபளப்பினாலே சுவரின் மேடுபள்ளமெல்லாம் தெரிந்தன. மின்குமிழின் உருவமும் அதில் தெரிந்தது. தாயார் கதிரையில் இருந்தபடியே, “என்ன தம்பி, சுவருக்குத் தார் பூசிப் போட்டியளோ?” என்று கேட்டார். கிழவியின் கேலி என்று எல்லோரும் சிரித்தோம்.

மூன்றாம் நாள் மைம்மற் பொழுதில், விளக்குப் போடுமுன், தாயார் எழுந்து தம் அறைக்குப் போனார். வாசல் நிலை அவருக்குத் தெரியவில்லை. முதிரை நிலை எண்பது ஆண்டுப் புகையிலும் கைபட்ட எண்ணெயிலும் கறுத்திருந்தது. முன்னர் வெள்ளைச் சுவரிலே அது கறுப்புச் சட்டமாக நின்று வழி காட்டியது. இப்போது சுவர், நிலை, வாசலுக்கு அப்பாலுள்ள இருள் ஆகிய மூன்றும் ஒன்றாயின. நிலையில் தோள் மோதி நிலத்தில் இருந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அவர் சொன்ன சொல் எனக்கு உறைத்தது. “வாசலைக் காணேல்லையடா தம்பி” என்றார். அறுபது ஆண்டு நடந்து திரிந்த வாசல் அது.

அன்றிரவே சுவரை வெள்ளையாக்கிவிட வேண்டும் என்று மனைவி சொன்னாள். மகள் அழுதாள். நான் ஆசிரியன், பிழை எங்கே என்று அறியாமல் விடைத்தாளைக் கிழிப்பது எனக்குப் பழக்கமில்லை. இரு கிழமை அதைப் பற்றியே படித்தேன், பலரைக் கேட்டேன். அதனால் தெளிந்தவற்றைச் சொல்கிறேன்.

நிறத்துக்கு ஓர் எண் உண்டு. விழும் ஒளியில் நூற்றுக்கு எத்தனை பங்கை அது திருப்பித் தருகிறது என்பதைக் குறிப்பது. நல்ல வெள்ளைக்கு அது 80க்கு மேல் வரும். பாலாடை போன்ற வெளிறிய மஞ்சளுக்கு 70 அளவில் வரும். கடும் ஊதாவுக்கு 10க்கும் கீழே. பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த ஒளியே திரும்புகிறது என்றால், விழும் ஒளி எத்தகையது என்பதே அந்நிறத்தின் தலைவிதி. வெள்ளைச் சுவர் எவ்விளக்கிலும் ஏறக்குறைய வெள்ளையாகக் கிடக்கும். ஊதா அவ்வாறன்று. அது சிவப்பும் நீலமும் கூடியது என்றோம். மஞ்சள் சார்ந்த மின்குமிழில், பெட்டியில் 2700 என்று குறித்திருப்பதில், சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. அதன் கீழே ஊதா மண்ணிறமாகும். நம் வீடுகளிலே பெரும்பாலும் தொங்குவது 6500 என்று குறித்த நீல வெண்மை விளக்கு. அதன் கீழே சிவப்பு ஒடுங்க, ஊதா சாம்பல் படிந்த நீலமாகும். கடையில் நாம் பார்த்தது ஒரு விளக்கில். வாழ்வது இன்னொரு விளக்கில். ஒரு விளக்கில் ஒத்துத் தோன்றும் இரு நிறங்கள் மற்றொரு விளக்கில் வேறுபடுவதும் உண்டு. நாங்கள் இறுதியில் 4000 என்று குறித்த மின்குமிழைப் போட்டோம். இரண்டுக்கும் நடுவிலுள்ளது அது.

மைம்மற் பொழுது இன்னொரு பொல்லாத பொழுது. பேர்க்கின்யே என்ற செக் நாட்டறிஞர் 1825 அளவிலே ஒன்றைக் கண்டு எழுதினார். வெளிச்சம் குறையக் குறைய, முதலில் மங்குவது சிவப்பு. நீலம் பிந்தியே மங்கும். ஆகவே பகலில் எவ்வளவு அழகாகச் சிவந்த ஊதாவாயினும், விளக்கேற்றுமுன் அரை மணி நேரம் அது கருநீலமாகவோ கருமையாகவோ நிற்கும். நிறத்தை மாற்றி இதனைத் தீர்க்க முடியாது. விளக்கை நேரத்தோடு போடுவதே வழி. தாயார் விழுந்தது அந்த அரை மணி நேரத்தில்தான்.

அந்நிய நாட்டு நூல்களையும் படங்களையும் பின்பற்றுவோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். வடக்கு நோக்கிய அறைக்கு வெயில் வராது, அங்கே ஒளி நாள் முழுவதும் குளிர்ந்து ஒரே சீராயிருக்கும், அதற்கேற்ப நிறம் தெரிக என்று அவை விதிக்கும். அவ்விதி இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் உரியது. யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலை அளவில் உள்ளது. சித்திரைப் பிறப்பை அடுத்து உச்சியைக் கடக்கும் ஞாயிறு, ஆவணி நடுப்பகுதி வரை நமக்கு வடக்கே நிற்கும். எங்கள் நடு அறையின் வடக்கு யன்னலால் ஆனி மாதத்தில் வெயில் வருகிறது. தை மாதத்தில் வருவதில்லை. ஒரே சுவர் இரு பருவத்தில் இரு நிறம். பனி நாட்டுப் படத்தை இந்நாட்டுச் சுவரில் ஒட்ட முடியாதென்பது இதனால்தான். பண்பாடு என்ற பெரிய சொல்லை இதற்கு இழுக்க வேண்டியதில்லை.

இரண்டாம் முறை அட்டையை நம்பவில்லை. இரண்டடிச் சதுரப் பலகை மூன்றை எடுத்தோம். சிறு போத்தல்களில் மூன்று ஊதாவை வாங்கி, ஒவ்வொன்றையும் இரு முறை பூசிக் காயவிட்டோம். அப்பலகைகளைச் சுவரில் மாறிமாறிச் சாத்தி, காலை, நண்பகல், மைம்மல், இரவு என நான்கு பொழுதும் ஒரு கிழமை பார்த்தோம். கடும் நிறம் உள்ளே நீலம் சார்ந்ததா சிவப்புச் சார்ந்ததா என்பது அதனை அப்படியே பார்த்தால் தெரியாது. ஒரு துளியை எடுத்து வெள்ளையிலே கலந்து பார்க்க வேண்டும். உடனே தெரியும். காயின் குணம் பூவிலே வெளிப்படுவது போல, கலந்த வெளிறலில் ஒன்று நீலங்காட்டிற்று, ஒன்று சாம்பல், மூன்றாவது இளஞ்சிவப்பு மணந்த நல்ல கத்தரிப்பூ. மூன்றாவதையே தெரிந்தோம். முதலில் வாங்கியது நீலஞ் சார்ந்தது என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

பூசும் முறையிலும் கவனம் வேண்டும். கடும் நிறப் பூச்சிலே மறைக்கும் தன்மையுள்ள வெண்பொடி மிகக் குறைவு, நிறமே மிகுதி. ஆதலின் வெள்ளைச் சுவரை அது இலகுவில் மறைக்காது. சாம்பல் நிற அடிப்பூச்சு ஒன்றை முதலிற் பூசினால் இரண்டு பூச்சில் முடியும். ஒரு லீற்றர் ஏறக்குறைய 10 முதல் 12 சதுர மீற்றருக்கு ஒருமுறை காணும்; கணக்குப் பார்த்து ஒரே தடவையில் கலந்து வாங்குதல் நன்று. எங்களுக்கோ முதற் பிழையே அடிப்பூச்சாயிற்று. பளபளப்பை அரத்தாளால் தேய்த்து, அதன்மேல் மினுக்கமில்லாத பூச்சைப் பூசினோம். புதுச் சாந்தாயின் நான்கு கிழமையேனும் காய வேண்டும்; சுண்ணாம்பின் காரம் சில ஊதாக்களைக் கெடுத்துவிடும். பழைய சுவரிலும் ஒரு தொல்லை தீரவில்லை. மாரி தொடங்கியதும் நிலத்தோரம் உப்புப் பூத்தது. வெள்ளைச் சுவரில் இத்தனை ஆண்டும் பூத்திருக்கும், எவர் கண்டார்? ஊதாவிலே அது நீற்றுக் குறி போலத் தெரிகிறது. கிழமைக்கு ஒருமுறை உலர்ந்த தும்பினாற் தட்டிவிடுகிறேன். கடும் நிறம் பூசுவோர் இச்சேவகத்துக்கும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

இனி, ஊதாவுக்கு எது துணை என்பது. இதில் எனக்கு ஆசிரியனாய் அமைந்தது அந்தக் கத்தரிச் செடியேயாம். பூவைப் பாருங்கள். இளம் ஊதா இதழ்களின் நடுவே பொன் மஞ்சளான மகரந்தத் தண்டுகள், அளவிற் சிறியவை. காயைப் பாருங்கள். கடும் ஊதாவுக்கு மேலே ஒரு பச்சைத் தொப்பி. வெட்டிப் பாருங்கள். உள்ளே மஞ்சள் கலந்த வெள்ளை. மங்குஸ்தானிலும் இதுவே. தடித்த கருவூதாத் தோலுக்குள்ளே பால் வெள்ளைச் சுளை. மேலே பச்சை இதழ். இயற்கை இந்நிறத்தைத் தனியே விடவில்லை, கூட்டமாகவும் விடவில்லை. மஞ்சள் சிறிது, பச்சை சிறிது, வெண்மை நிறைய.

அறிவியலும் இதற்கு மாறுபடவில்லை. பாரிசிலே கோபெலின் நெசவுச்சாலையின் சாயப்பகுதிக்குத் தலைவராயிருந்தவர் செவ்ரேல். அங்கே நெய்த திரைகளில், ஊதாவையும் நீலத்தையும் அடுத்து வரும் கறுப்பு நூல் வலிமையின்றித் தோன்றுகிறது, சாயம் கூடாது என்று முறைப்பாடு எழுந்தது. அவர் சாயத்தை ஆராய்ந்தார். அதிற் குற்றமில்லை. பக்கத்து நிறமே கறுப்பைக் கெடுத்தது. ஒவ்வொரு நிறமும் தனக்கு எதிரான நிறத்தின் சாயலை அயலிலே ஏற்றுகிறது என்று 1839 இல் நூல் எழுதினார். ஊதாவின் அயலிலுள்ளவற்றின்மேல் மஞ்சட்பச்சைச் சாயல் ஏறும். ஆதலின் நீலம் போட்ட கடும் வெள்ளையை ஊதாவுக்கு அருகில் வைத்தால் அது நோயாளியின் முகம் போலத் தோன்றும். மற்றை மூன்று சுவருக்கும் கூரையின் உட்புறத்துக்கும் பாலாடை நிறமே பூசினோம். கறுப்பு மரத் தளபாடத்தை அச்சுவரிலிருந்து நீக்கினோம். தந்தையாரின் அலுமாரி கிழக்குச் சுவருக்குப் போயிற்று. குத்துவிளக்கும் பித்தளைச் செம்பும் ஊதாவின் முன் வந்தன. பனையோலைப் பெட்டி ஒன்றும் வந்தது. அதன் வெளிறிய மஞ்சள் இவ்வளவு அழகு என்பதை அதுவரை நான் கண்டதில்லை. சாம்பல் நிறத் திரைச்சீலை போட மகள் விரும்பினாள். இக்காலத்துப் படங்களிலே எங்கும் சாம்பல். அது மாத்திரம் வேண்டாம் என்றேன். எங்கள் மாரி நாளின் மங்கலில் ஊதாவும் சாம்பலும் சேர்ந்தால் வீடு வைத்தியசாலை விறாந்தையாகிவிடும். நான்கு சுவரையும் ஊதாவாக்கிய ஒரு விருந்து மண்டபத்தில் அண்மையில் உணவருந்தினேன். இலையிலிருந்த கறி எதுவென்று தெரியவில்லை.

எல்லாவற்றிலும் மேலான துணை தற்செயலாய்க் கிடைத்தது. தாயார் மோதிய நிலையைத் தச்சர் ஒருவர் பார்த்து, “உது முதிரையெல்லே, சீவிப் பாப்பம்” என்றார். கறுத்த மேற்றோல் போனதும் உள்ளே பொன் மினுங்கிற்று. எண்பது ஆண்டு எவரும் அதனைப் பார்க்கவில்லை. மெழுகு மாத்திரம் இட்டோம். ஊதாச் சுவரின் நடுவே இப்போது அவ்வாசல் கத்தரிப்பூவின் மகரந்தம் போல நிற்கிறது. கட்டட நூலார், கண் மங்கியவர்க்காகச் சுவருக்கும் கதவுக்கும் நான் முன்னர் சொன்ன எண்ணிலே 30 ஆவது வேறுபாடு வேண்டும் என்பர். ஆளிகளையும் வெள்ளையாகவே விட்டோம். வெள்ளைச் சுவரில் வெள்ளை ஆளியை இருட்டிலே தடவித் தேடியவர், இப்போது நேரே கை வைக்கிறார்.

தார் என்று தாயார் சொன்னதைக் கேலி என்று நாங்கள் சிரித்தது பெரும் பிழை. வயது ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகும். மஞ்சட் கண்ணாடி போட்டவர் போல நீலத்தையும் ஊதாவையும் அது தடுக்கும். அறுபது வயதுக் கண்ணின் உள்ளே செல்லும் ஒளி, இருபது வயதுக் கண்ணுக்குச் செல்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே என்பர். எண்பதுக்குக் கேட்க வேண்டுமா? நாங்கள் மூவரும் மூன்று ஊதாவில் எது அழகு என்று வழக்காடிக்கொண்டிருந்தோம். அவ்வறையிலே எல்லோரிலும் மிகுதியாக இருப்பவர்க்கு மூன்றும் கறுப்பு. அவரை எவரும் கேட்கவில்லை. ஓவியர் மொனே 1923 இல் ஒரு கண்ணுக்குப் புரை நீக்குவித்தபின், தாம் முன் தீட்டிய நிறங்களைக் கண்டு கலங்கினார் என்பது வரலாறு. அதைப் படித்த பின்னரே தாயாரைக் கண் வைத்தியரிடம் கூட்டிச் சென்றேன். இரு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. சுவர் கறுத்திராவிட்டால் இன்னும் எத்தனை ஆண்டு அறியாமல் இருந்திருப்போமோ!

கார்த்திகையில் வலக்கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. மார்கழி முதற் கிழமை, கட்டவிழ்த்துச் சில நாள் சென்றபின், காலை வெயில் முற்றத்திலிருந்து உள்ளே விழும் நேரம், கதிரையில் இருந்து சுவரை நெடுநேரம் பார்த்தார். “நாவற்பழ நிறமெல்லே! எப்ப மாத்தினனீங்கள்?” என்று கேட்டார். மாற்றி ஒன்றரை மாதம் என்றேன். நம்பவில்லை. ஒரு கண்ணைக் கையால் மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார். இடக்கண்ணுக்கு அது இன்னும் மண்ணிறமாம்.

தமக்கையார் பொங்கலுக்கு வந்தார். சுவரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நிலையைத் தடவிப் பார்த்து, தம் வீட்டு நிலையும் முதிரைதானோ என்று கேட்டார். ரின்னிலே இன்னும் ஒரு லீற்றர் மிஞ்சியிருக்கிறது. சுவாமியறைக்கும் ஒரு சுவர் அடிக்கலாம் என்று மகள் சொல்கிறாள். அவ்வறைக்குச் சுண்ணாம்பு வெள்ளையும் காவிக் கோடும் போதும் என்பது என் கட்சி. அங்கே யன்னல் இல்லை. பகலிலும் நெய்விளக்கு ஒன்றே ஒளி. அவ்வொளியில் இந்நிறம் மண்ணிறமாகும் என்று காரணமும் காட்டியிருக்கிறேன். “பலகையைக் கொண்டு போய் வைச்சுப் பாப்பம் அப்பா” என்கிறாள்.